உறையைப் பிரித்தபோது

"உங்க சுண்ணாம்புத் தொட்டியில உயிர் தானா வந்துடுமா?"

வேலூர் ஆஸ்பத்திரியில் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் கணவரிடம் கேட்டார். அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் கெமிஸ்ட்.

"ஆரம்பத்துல அப்டித்தான் வந்துச்சு எஸ்தர். உப்பு, தண்ணி, சூடு, கோடிக்கணக்கான வருஷம்."

"எழுதாம மரபணுவுல எழுத்து வருமா? கர்த்தர் எழுதினாருங்க."

"அப்ப நம்ம ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்தத் தப்பு எழுத்த எழுதினது யாரு?"

எஸ்தர் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். இருவரின் தப்பும் சேர்ந்து போயிருந்தால், குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமாம்.

உறையை டாக்டர் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது நடைமுறை. கணவர் கவுண்டரிலேயே பிரித்தார்.

"எங்கிட்டருந்து தப்பு போயிருக்கு. உங்கிட்டருந்து சரியானது. ஒண்ணு சரியா இருந்தா போதும். கொழந்த நல்லா இருக்கும்."

"நெஜமாவா?"

"முந்நூறு கோடி எழுத்து எஸ்தர். நான் ஒரு லாட் தோலுக்கு லேபிள் எழுதினாலே ரெண்டு தப்பு வருது. இது எப்டி தானா... எனக்குத் தெரியல."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு எழுதினா இன்னாங்க. நல்லா எழுதியிருக்கு."