குமிழியை நம்பு

கான்ஸ்டபிள் ஹார்ட்விக் அவர்களுக்கு,

தம்பியின் துப்பாக்கியைத் துடைத்து, மெலிதாக எண்ணெய் தடவி, கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எடுத்துப்போக வரும்போது தொலைநோக்கியைப் பிடித்துத் தூக்காதீர்கள், கட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைச் சட்டப்படி கழற்றி, தனியாகச் சலவை அறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீங்கள் விட்டுச்சென்ற படிவத்தில் 'துணைக்கருவிகள்' என்ற இடத்துக்கு நேராக ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

நேற்று என் சமையலறையில் உட்கார்ந்து நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள்: "உங்க தம்பி கண்ணுல ஒரு கோளாறும் இல்லையாம் மெர்வ். முப்பது வயசுக்காரன் கண்ணு மாதிரி இருந்துதுன்னு டாக்டர் சொல்றார். அப்புறம் எதுக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு அந்த ஏணியில ஏறினார்?"

நான் உங்களுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. நல்ல பெண் நீங்கள். அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் இந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கும் நெவிலுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அவனுக்கு ஐந்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கு இந்தக் கோதுமைக் காட்டோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருந்தது. தம்பிக்குச் சோறு போட்டது, சட்டைக்குப் பித்தான் தைத்தது, பள்ளிக்கூடப் பேருந்துக்கு ஓட்டிவிட்டது எல்லாம் நான்தான். பிறகு அப்பாவுக்குப் பார்வை போயிற்று. அது ஒரே நாளில் போகவில்லை. முதலில் நேராக இருப்பதெல்லாம் அவருக்குச் சாய்வாகத் தெரிந்தது. "எவன்டா இந்த வேலிக்காலை இப்படிக் கோணலா நட்டான்?" என்று கத்துவார். வேலிக்கால் நேராகத்தான் நின்றுகொண்டிருக்கும். வீட்டிலிருந்து கொட்டகைவரை ஒரு கம்பி இழுத்துக் கட்டினேன். கடைசி ஏழு வருடம் அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்று மருத்துவர் அன்றே சொன்னார். எனக்கு வரவில்லை. வந்தால் தனக்குத்தான் வரும் என்று நெவில் முடிவுகட்டிக்கொண்டான்.

இந்த ஊர் ரைஃபிள் கிளப்பில் அவனைப்போல் காற்றைப் படிப்பவன் யாரும் இல்லை. மற்றவர்கள் கொடியைப் பார்ப்பார்கள். அவன் புல்லைப் பார்ப்பான், கானலைப் பார்ப்பான், பார்த்துவிட்டு ஒரு மூச்சை விட்டுச் சுடுவான். துப்பாக்கியை அவனே வாங்கினான். மற்றதெல்லாம் நான். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று. முன்னால் தாங்க முக்காலி, பின்னால் வைக்க மணல்பை. அந்தப் பையை அப்பாவின் பழைய சேணத் தோலில் நானே தைத்தேன். கன்னம் வைக்கும் கட்டையை அவன் கழுத்து நீளத்துக்கு ஏற்ப மில்லிமீட்டர் கணக்கில் உயர்த்திக் கொடுத்தேன். அவன் கண் வந்து நிற்கும் இடத்தில் தொலைநோக்கியின் கண்ணாடி நிற்கும். அவன் உடம்பின் அளவு அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அவனுடைய முப்பத்தேழாவது பிறந்த நாளுக்கு ரசமட்டம் வாங்கிக் கொடுத்தேன். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தொலைநோக்கியின் மேல் ஒரு திருகால் இறுக்கிவிட வேண்டும். தூரம் கூடக்கூடக் குண்டு தாழ்ந்துபோகும், அதனால் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடிக்கிறோம். அப்படிப் பிடித்த துப்பாக்கி பக்கவாட்டில் கொஞ்சம் சரிந்தாலும் குண்டும் அந்தப் பக்கமே போய்விடும். நூறு மீட்டரில் வித்தியாசம் தெரியாது. எண்ணூறில் ஒரு சாண் விலகும். ரசமட்டத்துக்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் துப்பாக்கி நேராக இருக்கிறது என்று அர்த்தம். கண் ஏமாறும், குமிழி ஏமாறாது என்று கிளப்பில் எல்லாரும் சொல்வோம்.

அந்த வருடம்தான் கோரல் வந்தாள். அடிலெய்ட் போட்டியில் நெவிலை ஒரு புள்ளியில் தோற்கடித்தவள். மேற்கே எஸ்பரன்ஸில் அவளுக்குச் சொந்தமாகப் பார்லிக் காடு இருந்தது. ஒரு வாரம் எங்களோடு தங்கினாள். நான் ரசமட்டம் பொருத்துவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மெர்வ், இதுக்கு நீங்க பூட்டுற நகையைப் பார்த்தா, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மாதிரில்ல இருக்கு."

"அவன் கட்டிக்காத பொண்டாட்டிக்கெல்லாம் சேர்த்து இதுக்குப் போடறான்," என்றான் நெவில். "ஒரு நாள் தாலியும் கட்டிருவான் பாரு."

நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு வேண்டுமென்று செய்ததல்ல. அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் படுத்த நெவில் தலையைத் தூக்கி, "மெர்வ், அந்த டார்கெட் பலகை சாய்ஞ்சிருக்கா?" என்றான்.

"இல்லையே."

"குமிழி நடுவுலதான் நிக்குது. ஆனா பலகை வலப்பக்கம் லேசா சாய்ஞ்ச மாதிரி தெரியுது எனக்கு."

அவன் எழுந்ததும் நான் படுத்துப் பார்த்தேன். ரசமட்டத்தை நான் ஒரு மயிரிழை கோணலாக இறுக்கியிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். அவன் கண் உண்மையைத்தான் சொன்னது. வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தேன். நெவிலும் கோரலும் கைகோத்து வந்து நின்றார்கள். அறுவடை முடிந்ததும் கல்யாணம், பிறகு எஸ்பரன்ஸ். அங்கே போக வண்டியில் இரண்டு நாள் ஆகும். "நீ ஆள் வச்சுப் பாத்துக்க மெர்வ். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்துருவோம்," என்றான் நெவில். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வாழ்த்தினேன். கறி கருகிவிட்டது.

சாயங்காலம் ரசமட்டத்தின் திருகைத் தளர்த்தும் அலன் கீயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வெகுநேரம் துப்பாக்கிக்கு முன்னால் நின்றேன். பிறகு கீயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்யாமல் விட்டதுதான்.

கோரல் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். பதினோரு வாரம்.

அவன் குண்டுகள் பக்கவாட்டில் போகத் தொடங்கின. முதலில் விரற்கடை, பிறகு ஒரு சாண். தோட்டத்தில் நூறு மீட்டரில் வைத்துச் சுட்டால் எல்லாம் நடுவில் விழும். அதனால் அவனுக்குத் துப்பாக்கிமேல் சந்தேகமே வரவில்லை. கிளப்பில் கேலி செய்தார்கள். "என்ன நெவ், காதல் காத்து அடிக்குதா? கொடி ஒரு பக்கம் காட்டுது, நீ ஒரு பக்கம் சுடறே?" அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வரும் வழியில், பலகை வாராவாரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டே போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான். அடிலெய்டில் கண் மருத்துவர் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடாவருடம் வந்து காட்டுங்கள் என்றார். அவன் காதில் 'இப்போதைக்கு' மட்டும்தான் விழுந்தது.

அக்டோபரில் ஒரு மதியம் கொட்டகைக்கு என்னைக் கூப்பிட்டான். உத்தரத்தில் நூல் கட்டி, கொத்தனார் செங்குத்து பார்க்கும் தூக்குகுண்டைத் தொங்கவிட்டிருந்தான். பத்தடி தள்ளித் துப்பாக்கியை முக்காலிமேல் வைத்து, குமிழியை நடுவில் நிறுத்தியிருந்தான். புத்திசாலி. சரியான சோதனை அதுதான்.

"நீ பாரு மெர்வ். குறுக்குக்கோடு நூலோட ஒட்டி நிக்குதா, விலகி நிக்குதா? எனக்கு விலகித்தான் தெரியுது. ஆனா என் கண்ணை நான் நம்பறதா இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். நூல் ஒரு பக்கம் போனது, கோடு ஒரு பக்கம் போனது. நடுவில் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

"நேரா இருக்கு," என்றேன்.

அவன் தூக்குகுண்டை அவிழ்த்து, நூலை ஒழுங்காகச் சுற்றி, ஆணியில் மாட்டினான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

"வேற யாராவதா இருந்தா என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லியிருப்பாங்க. நீ சொல்லமாட்டே."

அன்றைக்கு என் நெஞ்சு உடைந்தது, கான்ஸ்டபிள். நீங்கள் நம்பாமல் போகலாம்.

அன்று சாயங்காலமே கோரலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். நடையில் நின்று பேசினான், நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்கப்பாவை எங்கண்ணன் ஏழு வருஷம் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான். அது எப்பேர்ப்பட்ட வேலைன்னு நான் பார்த்திருக்கேன். உனக்கு அது வேணாம் கோரல். வேணாம்னா வேணாம்."

அவள் இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் புழுதி படிந்த முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குருடனாப் போனாலும் எனக்குச் சம்மதம்னு சொல்லுங்க மெர்வ். உங்க பேச்சைத்தான் கேப்பான். ஒரு வார்த்தை."

"சொல்றேம்மா," என்றேன்.

சொல்லவில்லை.

அவள் போன மறுநாளே ரசமட்டத்தை நேராக்கிவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனுடைய ஆட்டத்தைக் கெடுப்பது என் நோக்கமே அல்ல. சனிக்கிழமை வலுக்கட்டாயமாக மைதானத்துக்கு அழைத்துப்போனேன். எண்ணூறு மீட்டரில் பத்துக் குண்டு, பத்தும் நடுவில். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் எழுந்து போல்ட்டைக் கழற்றினான்.

"இன்னிக்குப் பலகை நேரா தெரிஞ்சுது," என்றான். "அப்பாவுக்கும் இப்படி நடுநடுவுல ஒரு நல்ல நாள் வருமே, ஞாபகம் இருக்கா? வேலிக்கால் நேராயிடுச்சுன்னு சொல்லிச் சிரிப்பாரே."

அன்று பெட்டியில் பூட்டிய துப்பாக்கியை அவன் மறுபடி சுடவில்லை. நான் செய்ததைத் திருப்பி எடுத்தும் அது திரும்பவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருபத்தோரு வருடம் போய்விட்டது.

அப்பாவின் கம்பியை அவன் இழுத்து முறுக்கிக் கட்டினான். கிளப்பின் பழைய காற்றுக்கொடியில் ஒரு துண்டு கிழித்து, தினமும் ஒரு மணிநேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யப் பழகினான். ஒவ்வொரு கேட்டையும் அதன் கிறீச்சொலியை வைத்துச் சொல்வான். ஆட்டைத் தடவி வயது சொல்வான். "வந்தப்புறம் கத்துக்க முடியாது மெர்வ், இப்பவே கத்துக்கணும்," என்பான். மூன்று வருடம் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நான்காம் வருடம் விதைப்பு வேலையில் போக முடியவில்லை. பிறகு அவனும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் சில நாள் என் முகத்தையே உற்றுப் பார்ப்பான். என்னடா என்று கேட்டால், "மனப்பாடம் பண்ணி வச்சுக்கறேன்," என்பான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே அவன் தானியக் கோபுரத்தின் அடியில் நின்று துணியைக் கட்டுவது தெரிந்தது. மேல் மூடியைப் பார்வையில்லாமல் திறந்து மூட ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தான். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். முந்தின நாள் பெய்த மழையில் ஏணிப் படிகள் வழுக்கும் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தேன். சத்தம் கேட்டதும் ஓடினேன். துணி அவிழவே இல்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தான்.

நேற்று நீங்கள் போன பிறகு துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தேன். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் ஒரு அட்டைத் துண்டு கட்டித் தொங்குகிறது. அவன் கையெழுத்து. எப்போது எழுதினான் என்று தெரியவில்லை. 'நான் போனால் இது எஸ்பரன்ஸ் கோரலுக்கு, எல்லாத் துணைக்கருவிகளோடும். கோரல், குமிழியை நம்பு. மெர்வ் பொருத்தியது.'

ஆகவே படிவத்தில் அந்த வரிக்கு நேராக இப்படி எழுதுங்கள்: ரசமட்டம், ஒன்று. கோணலாக்கியவன் மெர்வின் நோஸ்கே. தம்பியின் கண் நன்றாக இருந்தது, அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவனைக் கொன்றது ஏணி அல்ல. கையெழுத்தை எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். கோரலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனை நான் ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை. நாளைக்கே பார்வை போய்விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.