கம்பி இல்லாத பாயின்ட்

கரண்ட் வர இன்னும் நேரமாகும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கதவைச் சாத்த வேண்டாம், சாத்தினால் பிறகு யார் போய்த் திறப்பது என்று சண்டை வரும். இது நம்ம சுஜினின் அத்தான் எபிசனுக்கு நடந்தது.

2010, ஐப்பசி மாதம். சாயங்காலம் ஐந்தரை. கீரிப்பாறைக்குப் போகிற சாலை... இரண்டு பக்கமும் ரப்பர் மரம். அந்தச் சாலைக்கு ஐந்தரை என்றால் மற்ற ஊருக்கு எட்டு மணி. எஸ்டேட் பஸ் போய்விட்டால் பிறகு தவளைச் சத்தம்தான். காற்றில் ரப்பர் பாலின் புளித்த வாடை. அங்கே மலையைக் குடைந்து ஒரு தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் கட்டியிருந்தார்கள். என்ன ஆராய்ச்சி என்று மட்டும் கேட்காதீர்கள். நெட்வொர்க் கேபிள் இழுப்பது எபிசனின் வேலை.

அன்று டெல்லியிலிருந்து அளவெடுக்க ஆள் வந்திருந்தது. எத்தனை கம்ப்யூட்டர், சுவரில் எத்தனை நெட் பாயின்ட் பெட்டி, வேகம் எவ்வளவு... எல்லாவற்றையும் அளந்து மார்க் போடுவார்கள். மார்க் ஏறினால் ஃபீஸும் ஏறும்.

முந்தின வருடமும் இதே கூத்துதான். புதுக் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்குக் கேபிள் இழுக்க நேரமில்லை. கம்ப்யூட்டர் சென்டர் தலைவர் ஜெயசிங் வழி சொன்னார். "லேய், கம்பி ஒண்ணும் வேண்டாம். செவுத்துல வெறும் பெட்டிய மட்டும் முடுக்குங்க. எவன்லே ஒவ்வொண்ணா சொருகிப் பாக்கப் போறான்?"

அப்படியே முடுக்கினார்கள், எபிசனும் அவன் கூட்டாளி பிபினும். பிபின் இனயத்துக்காரன். கடலுக்குப் பயந்து கரையில் வேலை தேடி வந்தவன். லிஃப்ட் வைக்காமல் விட்டிருந்த குழி வழியாகத்தான் அங்கே கேபிள் இறங்கும். அன்று ராத்திரி அதில் ஏணி வழுக்கி விழுந்தான். கரைப் பிழைப்பு அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஜெயசிங் வந்து எட்டிப் பார்த்தார். "செத்துட்டான்லே. விடிஞ்சா டெல்லிக்காரன் வந்து நிப்பான். உள்ள வச்சு ஒரு சாவுன்னா மார்க்கும் போச்சு, ஒன் வேலையும் போச்சு. ரோட்டுல கொண்டு கெடத்து."

ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் எபிசனும் டிரைவரும் கிடத்தினார்கள். பக்கத்தில் அவனுடைய பைக்கையும் சரித்துப் போட்டார்கள். பைக் விபத்து என்று முடிந்தது. அடக்கத்தன்று பிபினின் பெண்டாட்டி ஷிஜி எபிசனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, நீங்க கூடத்தானே நிண்ணிய... என்னதான் நடந்துது?"

"நான் முன்னாலயே எறங்கிட்டேன் ஷிஜி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த மாதம் எபிசனுக்கு வேலை நிரந்தரமானது. நாய்க்கு எலும்பு போட்டதுபோல. அவனும் கவ்விக்கொண்டான்.

இந்த வருடமோ... டெல்லிக்காரர் மூன்றாம் மாடிக்கே ஏறிவிட்டார். கையில் ஒரு சின்னக் கருவி. பாயின்டில் சொருகினால், கேபிளின் மறுமுனை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று காட்டும். கடைசி அறைக்குப் போய் ஒரு பெட்டியின் முன்னால் குனிந்தார். ஜெயசிங் ஜன்னல் வழியே மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

க்ளிக்.

பச்சை விளக்கு. தொண்ணூறு மீட்டர். "வெரி குட்" என்று எழுதிக்கொண்டு அவர் டீ குடிக்க இறங்கிப் போனார். ஜெயசிங் எபிசனின் தோளில் தட்டினார். "சொல்லாமலே கம்பி இழுத்துட்டியா? கெட்டிக்காரன்லே நீ."

எபிசன் இழுக்கவில்லை. ஆள் போனதும் திருகாணியைக் கழற்றிப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் வெறும் சுவர்ப்பூச்சு... ஒரு துளைகூட இல்லை. திரும்ப முடுக்கிவிட்டுத் தன்னுடைய கருவியைச் சொருகினான்.

எழுபது.

கருவி பழுதோ என்று பார்த்துக்கொண்டே நின்றான். எண் தானாக இறங்கியது. அறுபது... நாற்பத்தைந்து... அளவு குறைகிறது என்றால் மறுமுனை கிட்டே வருகிறது. லிஃப்ட் குழிப் பக்கம் ஏணி சுவரில் உரசுகிற சத்தம்... கரண்ட் போயிற்று. கருவியின் திரை மட்டும் மினுங்கியது. இருபது. வராந்தாவில் ஈரக்கால் வைக்கிற சத்தம்... ஒரு கால் வைப்பது, ஒரு கால் இழுப்பது. நனைந்த சிமென்ட் வாடை. அதற்கடியில் ரத்த வாடை. ஏழு... நான்கு...

"ஷிஜிட்ட சொல்லிருதேன் மக்கா! இண்ணைக்கே போய் சொல்லிருதேன்!" எபிசன் கத்தியே விட்டான்.

இரண்டில் நின்றது.

கருவியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பைக்கை எடுத்தான். கருங்கல் ஊர் வழியாக, கொட்டுகிற மழையில், எங்கேயும் நிற்காமல் இனயம் போய்ச் சேர்ந்தான். வழிநெடுக உண்மையைத் தனக்குத் தக்கபடி வெட்டிக்கொண்டேதான் போனான். மனுசன் புத்தி அப்படித்தான், பேய் துரத்தினாலும் மாறாது.

ஷிஜி கதவைத் திறந்தாள். கையில் மெழுகுவர்த்தி. பின்னால் கடல் இரைந்தது. எபிசன் வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னான். "பிபின் ரோட்டுல வச்சு சாகல்ல ஷிஜி. உள்ள, லிஃப்ட் குழியில விழுந்தான். ஜெயசிங் சாரு சொன்னாரு... நாங்கதான் ரோட்டுல கொண்டு கெடத்தினோம். விழுந்த ஒடனே உயிரு போச்சு. ஒண்ணும் செய்ய முடியல்ல. என்ன மன்னிச்சிரு."

அவள் அழவில்லை.

"விழுந்த ஒடனேயா அண்ணா?"

"ஆமா. ஒடனே."

"பின்ன ஜீப்புல ஏத்தும்போ, நீங்க பிடிச்சிருந்த காலு ரெண்டு தடவ ஒதறிச்சே... அது என்னதுண்ணா?"

ஜீப் என்று எபிசன் சொல்லவே இல்லை. கால் உதறியது ஜெயசிங்குக்குத் தெரியாது. தலைப்பக்கம் பிடித்த டிரைவருக்கும் தெரியாது. பாதை முழுக்க அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஷிஜி மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க உள்ள வாங்க. மழையில நிக்காதிய."