கன்னத்தில் ஒட்டிய பெயர்

கருங்கலில் இருந்து தக்கலைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த அக்கா பக்கத்தில் தூங்கி எழுந்தவளிடம் சொன்னாள்: "ஏட்டி, மாப்பிள்ளைக்க பேரு உன் கன்னத்துல இருக்கு."

இளையவள் மடியில் ஒரு சாக்கு. அது நிறைய, அன்றைய கல்யாணத்தில் கொடுக்க மணமக்கள் பேர் போட்டு அவள் அச்சடித்த துணிப்பைகள். அதில் தலை சாய்த்துத்தான் தூங்கியிருந்தாள்.

"வேர்வை பட்டு மை இளகிட்டுக்கா."

"அச்சுக்க மேல தேய்ப்புப் பெட்டி வச்சியா?"

"பாதிக்கு வச்சேன். அப்பம் கரண்ட் போச்சு. காஞ்சுதானே இருக்குண்ணு மிச்சத்தயும் சேர்த்துக் கெட்டிட்டேன்."

"சூடு கொடுத்தாத்தானே மை துணியில பிடிக்கும்? சபையில எல்லாரும் வெள்ளையில்லா உடுத்திட்டு வருவாவ!"

இளையவள் விரலை நாக்கில் நனைத்து, ஒவ்வொரு பையாகத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றில் மை அசையவில்லை. அடுத்ததில் விரல் சிவந்தது.

"இப்பிடி நக்கிட்டிருந்தா விருந்துக்கு உனக்கு நாக்கு மிஞ்சாது. எல்லாத்தயும் தேய்ப்போம். அடுத்த ஸ்டாப்புல தேய்ப்புக்கடை உண்டு."

"அங்கயும் கரண்ட் இருக்காதுல்லா?"

"அவரு கரிப்பெட்டியிலதான் தேய்ப்பாரு. எறங்கு."

"நேரமாகாதாக்கா?"

"பிரசங்கம் முடிஞ்சுதானே பை கொடுப்பாவ? உங்க பாஸ்டர் சட்டுணு முடிச்சிருவாரா?"

"அவரா!" இளையவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

சாக்கை இருவரும் இழுத்து இறக்கினார்கள். பஸ் கிளம்பும்போது அக்காவின் குரல் கேட்டது.

"முதல்ல மூஞ்சியத் தொடைட்டி. தாலி கெட்டப் போற பய உன் கன்னத்துல இருந்தா பொண்ணு வீட்டுக்காரவ சும்மா விடுவாவளா?"