மாடிப்படி இல்லாத மாடி

— மெதுவா பேசுங்க இளஞ்செழியன் சார். முழுப்பரீட்சை நடக்குது.

— பேசவே வேணாம் டீச்சர். இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து. புதுக் கட்டடத்த ஸ்கூல் ஒப்புக்கிச்சுன்னு எச்.எம்.ங்கற முறையில நீங்க போட்டுட்டா நான் கெளம்பிடுவேன்.

— போன வாரம் கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க. கீழ ரெண்டு ரூம், மேல ரெண்டு ரூம். மேல போறதுக்குப் படி எங்க?

— டெக்னிக்கலா பாத்தா, எஸ்டிமேட்ல படி இல்லிங்க.

— எஸ்டிமேட் போட்ட இன்ஜினியரே நீங்கதான?

— நான்தான். மூலக்குளத்துல ஒரு ஸ்கூலுக்குக் கூடுதல் வகுப்பறை கட்டுனோம். அங்க பழைய கட்டடத்துப் படியில ஏறியே புது மாடிக்குப் போயிடலாம். உங்க ஸ்கூல்லயும் அப்ப பழைய கட்டடம் இருந்துச்சு, படியும் இருந்துச்சு. பேர மட்டும் மாத்தி அதே எஸ்டிமேட்ட அனுப்பிட்டேன். எல்லாரும் செய்யறதுதான்.

— நேர்ல வந்து பாத்திருக்கலாம்ல?

— பாத்தேன். பாத்தப்ப பழசு நின்னுட்டுதான் இருந்துச்சு. அப்பறம் அத இடிச்சது வேற செக்‌ஷன். இடிக்கச் சொல்லி எழுதுனது யாரு? அந்த லெட்டரும் இந்த ஃபைல்லதான் இருக்கு. ‘எந்த நிமிடமும் விழும், உடனே இடிக்கவும்.’ கீழ செந்தமிழ்ச்செல்வின்னு கையெழுத்து.

— காரை பேந்து ஒரு பிள்ளை தலையில விழுந்துது. எழுதாம என்ன செய்வேன்? படிய மட்டும் விட்டுட்டு இடிங்கன்னா எழுத முடியும்?

— அதத்தான் நானும் சொல்றேன். யார் மேலயும் தப்பு இல்ல.

— அது கெடக்கட்டும். படி எப்ப வரும்?

— நாளைக்கு மார்ச் முப்பத்தொண்ணு. அதுக்குள்ள நீங்க ஒப்புக்கலன்னா முனிசிபாலிட்டி ஒதுக்குன நிதி திரும்பிப் போயிடும். கரண்ட் வராது, தண்ணி வராது. கீழ் ரூம்ல ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் இப்பவே உக்கார வச்சிருக்கீங்க, நான் கண்டுக்கல. அதையும் பூட்டச் சொல்லுவாங்க. கையெழுத்துப் போடுங்க, ஏப்ரல்ல படிக்குத் தனி ஃபைல் போடறேன்.

— எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்த கட்டடத்துக்கு அப்பறம் யாரு சார் படி கட்டுவாங்க? ஆய்வுக்கு வந்தவங்க என்ன எழுதிட்டுப் போனாங்க தெரியுமா? அஞ்சாவதுக்குத் தனி ரூம் இல்லன்னா ஜூன்ல அந்த வகுப்பையே பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கற ஸ்கூல்ல சேத்துடுவாங்களாம். எங்க பிள்ளைங்க அம்மாவெல்லாம் விடியறதுக்குள்ள தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் ஏலத்துக்குப் போயிடறாங்க. அவ்ளோ தூரம் யாரு கூட்டிட்டுப் போயி விடறது? பாதிப் பேரு நின்னுடுவாங்க. அதுலயும் பொண்ணுங்கதான் மொதல்ல நிக்கும்.

— இப்ப அஞ்சாவது எங்க உக்காருது?

— எங்கியோ உக்காருது. அது கெடக்கட்டும். பின்னாடி என்ன தடதடன்னு சத்தம்?

— பாவாடை மேஸ்திரிதான். மிச்ச சாமான லாரில ஏத்தறாரு.

— ஒரு வாரமா அந்தாளக் காணோமேன்னு பாத்தேன். பரீட்சை நேரத்துலயா வரணும்? சரி, ‘மாடிப்படி இல்லாமல் பெற்றுக்கொள்ளப்பட்டது’ன்னு ஒரு வரி சேத்து எழுதிட்டுக் கையெழுத்துப் போடறேன்.

— வேணாங்க. அந்த ஒரு வரிக்கு எனக்கு மெமோ வரும்.

— எனக்கு ஒரு வகுப்பே போகுது சார். நீங்க மெமோவுக்குப் பயப்படறீங்க.

— பயந்தான். இந்த வருஷம் பிரமோஷன் லிஸ்ட்ல இருக்கேன்.

— அப்ப நிதி திரும்பிப் போகட்டும்.

— டீச்சர், டீச்சர். எழுதுங்க. டெக்னிக்கலா பாத்தா, அந்த வரி இருந்தாதான் படிக்கு ஃபைல் போட எனக்கும் ஒரு ஆதாரம். மெமோ வந்தா வந்துட்டுப் போகுது.

— பேனா குடுங்க. நல்லா இருப்பீங்க. ரெண்டு வருஷத்துல இன்னிக்குதான் ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்க.

— இங்கயும் ஒண்ணு. அவ்ளோதான். கட்டடத்த ஒரு போட்டோ எடுத்து ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. என்ன மேஸ்திரி, ஆச்சா?

— ஆச்சு சார். தாராளமா போட்டோ எடுங்க. நீங்க சொன்ன மாதிரி சாரத்த ஒரு கம்பு இல்லாம பிரிச்சாச்சு.

— சாரத்தயா? பாவாடை, எந்தச் சாரத்த?

— பின்பக்கம் இருந்துச்சே டீச்சரம்மா, சித்தாளுங்க கல்லு தூக்கிட்டு மாடிக்கு ஏறறதுக்குப் பலகை அடிச்சு வச்சது. சவுக்குக் கம்பு, பலகை எல்லாம் ஏத்தி விட்டாச்சு. லாரி இந்நேரம் மெயின் ரோட்டுக்குப் போயிருக்கும்.

— அந்தப் பலகைக்குக் கீழ…

— செருப்புதான? இருந்துச்சும்மா, பிள்ளைங்க செருப்பு ஒரு குவியல். வெளையாட வந்ததுங்க விட்டுட்டுப் போயிருக்கும்னு ஓரமா ஜோடி சேத்து அடுக்கி வச்சிருக்கேன். பத்தொம்பது ஜோடி.

— என்ன டீச்சர்? யாரு செருப்பு அது?

— அஞ்சாவது செருப்பு சார். எல்லாரும் மேலதான் பரீட்சை எழுதிட்டு இருக்காங்க.