பதினொரு டிக்கெட்

"நாத்து நடப் போறவங்களுக்குத் திட்டம், சட்டமெல்லாம் என்னம்மா புரியும்?" என்று தோழியின் அப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். என் அம்மா நாற்று நடுபவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்.

இன்று காலை தஞ்சாவூர் டவுன் பஸ்ஸில், நடவுக்குப் போகும் பெண்களுக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழிக்காமலே கண்டக்டர் நகர்ந்தார்.

"ஓசிக்கு எதுக்கு டிக்கெட்டு?"

அவர்களில் ஓர் அக்கா வழியை மறித்தார். "தீப்பெட்டி வாங்குனாலும் வரி கட்டுறோம், தம்பி. கிழிங்க. டிக்கெட்டு இல்லேன்னா பஸ்ஸு காலியாப் போச்சுன்னுதான் எழுதுவீங்க. சாயங்கால வண்டிய அப்படித்தானே நிறுத்துனீங்க?"

"நேரமாவுதும்மா."

"எங்களுக்குந்தான். பதினோரு பேரு, எண்ணிக் கிழிங்க."

கிழித்தார்.

தஞ்சாவூரில் இறங்கியதும் நேராகக் கலெக்டர் அலுவலகம் போனேன். சாயங்கால வண்டியைத் திரும்ப விடக் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். ரசீது கையில் இருக்கிறது.