பதினொன்னே முக்கால் வரைக்கும் எழுதின தாள்

நோட்டையெல்லாம் கொஞ்சம் மூடி வச்சுக்கோங்க பிள்ளைகளா. இது எழுதிக்கிற கதை இல்ல. சின்னதுதான், சொல்லிட்டு இறங்கிடுறேன்.

என் பேரு வேலுத்தாய். தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குறவ. படிப்பு மூணாங்கிளாசோட சரி. பிரசவ வார்டுக்குப் பயிற்சிக்கு வர்ற பிள்ளைககிட்ட வந்து பேசணும்னு உங்க பெரிய டாக்டரம்மா ஆள் மேல ஆள் விட்டாங்க. நான் வந்து அழுதா இவங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னு எனக்கு ஒரே சந்தேகம். இப்பவும் அந்தச் சந்தேகத்தோடதான் நிக்கிறேன். உங்க முகமெல்லாம் நல்ல முகமாத்தான் இருக்கு... அன்னைக்கு நான் பாத்த முகமும் நல்ல முகந்தான்.

ரெண்டு வருசம் ஆச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, விடுங்க. என் மக உமாமகேசுவரிக்குத் தலைப்பிரசவம். காலையில சரியா பத்து மணிக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. சுகப்பிரசவம். மகளைக் கொண்டாந்து வேற கட்டில்ல போட்டாங்க, நான் பக்கத்துல நின்னேன்.

உங்கள மாதிரிதான் ஒரு டாக்டர் பாப்பா. படிப்பு முடியப்போற பிள்ளை. கால்மணி நேரத்துக்கு ஒருதரம் வரும். வயித்துல கைய வச்சு அழுத்திப் பாக்கும், நாடி பிடிக்கும், துணிய நகத்தி ரத்தம் பாக்கும். பாத்துட்டு, கட்டில்ல தொங்குற தாள்ல ஒரு கட்டத்தை நிரப்பும். பத்தேகாலுக்கு வந்துச்சு. பத்தரைக்கு வந்துச்சு. நல்லாத்தான் பாத்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

பத்தே முக்காலுக்கும் வந்துச்சு. ஆனா கை வயித்துக்குப் போகல. நேரா தாளுக்குப் போச்சு. மளமளன்னு எழுதுது... ஒரு கட்டம், ரெண்டு கட்டம், அஞ்சு கட்டம். எட்டிப் பாத்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா கடிகாரம் தெரியும்ல? கட்டத்துக்கு மேல பதினொன்னேகால், பதினொன்றரை, பதினொன்னே முக்கால்னு போட்டிருக்கு. செவத்துல பாத்தா பத்து அம்பது கூட ஆகல.

நான் கேட்டேன். "ஏம் பாப்பா, பதினொன்றரை இன்னும் வரலையே... வராத மணிக்கு என் மக எப்படி இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அது சிரிச்சுச்சு. "என்னம்மா, நீங்கதான் இன்னைக்கு இன்ஸ்பெக்டரா? பெரிய மேடம் ரவுண்ட்ஸ் வர்றாங்கம்மா, காலியா இருந்தா திட்டுவாங்க. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கு."

பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரிச்சா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பிள்ளையும் பாவம், முந்தின நாள்ல இருந்து தூங்கல, பதினாலு கட்டில ஒத்தையாப் பாக்குது. அதெல்லாம் எனக்குத் தெரியுது. ஆனாலும் மனசு கேக்கல. எங்க ஆபீசுல குச்சிய வரிசையா சொருகுற கட்டைன்னு ஒண்ணு இருக்கு, அடுக்காத கட்டைய அடுக்கிட்டேன்னு சொல்ல முடியுமா? மேஸ்திரி ஒவ்வொண்ணையும் கையால தடவிப் பாப்பாரு. தீக்குச்சிக்கே அந்தப் பாடுன்னா...

கொஞ்ச நேரத்துல என் மக, "அம்மா, குளுருது"ன்னா. மே மாசம். ஃபேன் காத்தே அனலா அடிக்குது. இவளுக்கு எப்படிக் குளுரும்? ஓடிப்போய் அந்தப் பாப்பாகிட்டச் சொன்னேன். பிள்ளை பெத்தா கொஞ்சம் நடுங்கும், போர்த்தி விடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுச்சு. நானும் போர்த்தினேன். கழுத்து வரைக்கும் இழுத்து இழுத்து... என் கையாலதான் போர்த்தினேன்.

பதினொன்னு அஞ்சுக்குப் பெரிய மேடம் வந்தாங்க. பின்னாடி பத்துப் பிள்ளைங்க. மேடம் தாளை எடுத்தாங்க, மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. எல்லாக் கட்டமும் நிறைஞ்சிருக்கு, எல்லாமே நல்லாயிருக்கு. "குட்"னு சொல்லிட்டு நகந்துட்டாங்க. நான் வாயத் திறந்தேன். "அம்மா, அந்தத் தாள்ல..." நர்சம்மா கண்ணக் காட்டினாங்க. அந்தப் பாப்பா தலையக் குனிஞ்சு தரையப் பாத்துச்சு. மூணாங்கிளாசு படிச்சவ டாக்டரைக் குத்தம் சொல்லவான்னு நானும் அடங்கிட்டேன்.

துணி மாத்த வந்த ஆயாம்மாதான் போர்வையத் தூக்கினாங்க. மெத்தையெல்லாம் ரத்தம். அவங்க கூப்பாடு கேட்டு ஓடிவந்த வேறொரு டாக்டரு வயித்துல கை வச்சுட்டு, கல்லு மாதிரி இருக்க வேண்டிய கர்ப்பப்பை தொளதொளன்னு கிடக்குன்னு சத்தம் போட்டாரு. ஓடினாங்க, ரத்தம் ஏத்தினாங்க, அந்தப் பாப்பாவும் அழுதுக்கிட்டே ஓடுச்சு. ஒண்ணும் நிக்கல.

என் மக பதினொன்னு நாப்பதுக்குப் போயிட்டா. ஆனா அந்தத் தாள்ல இருக்காளே... பின்னால ஒருத்தர் எனக்குப் படிச்சுச் சொன்னாங்க, பதினொன்னே முக்காலுக்கு நாடி நல்லாயிருக்கு, கர்ப்பப்பை இறுகியிருக்கு, ரத்தப்போக்கு இல்ல.

இத எதுக்குச் சொல்றேன்? அந்தப் பிள்ளை கெட்டதுன்னு சொல்ல வரல. அது என் மகளுக்கு ஒரு கெடுதலும் நினைக்கல. திட்டு வாங்கப் பயந்துச்சு, அவ்வளவுதான். அதனாலதான் உங்களப் பாத்தாலும் எனக்குப் பயமாயிருக்கு. உங்களுக்கும் பெரிய மேடம் இருக்காங்கல்ல? உங்களுக்கும் தூக்கம் வரும்ல?

நாளைக்கு ஒரு கட்டில் பக்கத்துல ஒருத்தி நிப்பா. கேட்டதையே கேப்பா, உங்க பேனாவையே பாப்பா. நச்சரிக்கிறாளேன்னு நினைப்பீங்க. அவ ராப்பகலா பிள்ளை மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கிறவ. அவ வந்து பிள்ளைக்குக் குளுருதுன்னு சொன்னா, பதில் சொல்றதுக்கு முந்தி போய் வயித்துல கைய வைங்க.

இன்னொண்ணு. பாக்க முடியலையா? நேரம் இல்லையா? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுருங்கப்பா. திட்டினா திட்டட்டும், வாங்கிக்கோங்க. அன்னைக்கு அது காலியா இருந்திருந்தா அந்த மேடம் கோவத்துலயாவது என் மக போர்வையத் தூக்கிப் பாத்திருப்பாங்க.