கை தட்டும் வரை

பயிற்சி அறைக் கட்டிலுக்கு நல்ல மெத்தை வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். திடமாக இருப்பவர்கள் படுத்தாலே அதில் முதுகு வலிக்கும்.

புற்றுநோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ள நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. குணமாக்க முடியாதவர்களின் வலியைத் தணிப்பதுதான் பாடம். அதற்கு ஒரு நாடகம் வைத்திருக்கிறோம். ஒருவர் நோயாளியாக நடிப்பார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மருந்துத் தட்டைத் தொடக் கூடாது. அதிலிருக்கும் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான். வார்த்தையால் எவ்வளவு ஆற்ற முடியும் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கை தட்டினால் நாடகம் முடிந்தது. அதுவரை யாரும் கலைக்கக் கூடாது.

வழக்கமாக நடிப்பவர் எங்கள் துப்புரவுப் பணியாளர். எலும்பில் புற்றுநோய் என்று சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். "அக்கா, அது ஹார்ட் அட்டாக்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். "எந்த நோவா இருந்தா என்னடி, போற உசுரு ஒண்ணுதானே" என்பார். சிரித்துக்கொண்டே எதைக் கற்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் புது வகுப்புக்கு என் மாமியாரை அழைத்து வந்தேன். மாடி வார்டில்தான் இருந்தார். நோய் எலும்பெல்லாம் பரவியிருந்தது. வலிக்குக் கொடுக்கும் காலை மார்ஃபினை நானே கொடுத்துவிடுவதாக வார்டில் சொன்னேன். கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தேன். "இவங்க நாடக நடிகை. ரொம்ப அனுபவம். கெஞ்சுவாங்க, திட்டுவாங்க, நான் இவ மாமியார்னுகூடச் சொல்வாங்க. ஏமாந்துடாதீங்க" என்றேன். பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

நன்றாகவே செய்தார்கள். கையைப் பிடித்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். முனகல் அலறலானபோது பின்வரிசையில் ஒருத்தி, "செமையா நடிக்கிறாங்கல்ல" என்றாள். மாமியார் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டபோது அவர் தன் மகனிடம் போனில் சொன்ன சொல் அது. "உன் பொண்டாட்டி நல்லா நடிக்கிறா. நீ வேலைய முடிச்சிட்டு நிதானமா வா." என் கணவர் நிதானமாகத்தான் வந்தார். குழந்தை காத்திருக்கவில்லை. அது ஆறிப்போன பழைய கதை. இதில் அதைக் கலக்காதீர்கள்.

கட்டிலருகே இருந்த பெண் திரும்பினாள்.

"மேடம், கை ஜில்லுன்னு இருக்கு. இப்படி வேர்க்கிறது நடிப்புல வருமா?"

"நல்ல கேள்வி. உட்காரு."

"கை தட்டிடுங்களேன் மேடம்."

அந்த வகுப்பில் தேறியவள் அவள் ஒருத்திதான். உங்கள் விசாரணை அறிக்கையில் அவளைக் குறை சொல்லி எதுவும் எழுதிவிடாதீர்கள்.

பழிவாங்கினேன் என்கிறீர்கள். பழி வாங்குபவளுக்கு அளவு தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அன்று நீ நடிக்கவில்லை என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், உடனே கை தட்டிவிடுவேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னார். "அன்னிக்கு நீ நடிக்கலம்மா. நான்தான் பாவி. போதும்மா, விட்டுடும்மா." ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.